தாடை முடிக்கு எலக்ட்ராலிசிஸ்: செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள், தோல் எப்படி ஆறியது?

கீழவீதி

வயது 29. பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு என்று காலேஜ் படிக்கும்போதே சொல்லிவிட்டார்கள். தாடையிலும் கழுத்து மடிப்பிலும் கறுப்பாக, தடித்த முடி. கன்னத்தில் இருக்கும் பூனை முடி எனக்குப் பிரச்சினையே இல்லை, அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். த்ரெட்டிங், அப்புறம் பிளக்கர், அப்புறம் உள்ளேயே சுருண்டு வளர்ந்த முடியைத் தோண்டி எடுப்பது என்று தாடை முழுக்கக் கருத்துப் போய்விட்டது. முடியை விட அந்தக் கறுப்புதான் இப்போது முதலில் கண்ணில் படுகிறது.

லேசர் ஏற்கெனவே செய்தாயிற்று, பேக்கேஜ் போட்டு. தாடையில் கொஞ்சம் குறைந்தது. ஆனால் காதுக்குக் கீழே, முன்பு பூனை முடி மட்டும் இருந்த இடத்தில், இப்போது கறுப்பாக வளர்கிறது. கேட்டால் "ஹார்மோன்மா, இன்னொரு பேக்கேஜ் போட்டுக்கலாம்" என்கிறார்கள்.

ஒவ்வொரு முடிக்கும் ஊசி விட்டுக் கரண்ட் வைக்கும் எலக்ட்ராலிசிஸ் செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். வலியைத் தாங்கிக்கொள்வேன். தழும்பு விழுமா, கருப்பு தட்டுமா, எத்தனை நாளில் ஆறும், இதுதான் என் கேள்வி. மாநிறத்தை விடக் கொஞ்சம் கூடுதலான நிறம் எனக்கு.

வன்னிப்பறவை

ஓம், நான் செய்தனான். இருப்பது டொரொன்டோவில், இங்கே அதற்கென்றே படித்து, அதை மட்டுமே தொழிலாகச் செய்யும் பெண்கள் இருக்கிறார்கள், அதனால் ஊர்க் கதையும் என் கதையும் ஒன்றாகாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு நாடியிலும் மேலுதட்டிலும். தொடங்கி முடியக் கன காலம் பிடித்தது, ஒரு வருசத்துக்கு மேலே. முதலில் கிழமைக்கு ஒருக்கா, பிறகு மாதத்துக்கு ஒருக்கா, கடைசியில் எப்பவாவது ஒன்று இரண்டு முளைத்தால் மட்டும். ஒரே தரத்தில் எல்லாம் போய்விடும் என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கோ. முடி எல்லாம் ஒரே நேரத்தில் வளர்வதில்லை, கொஞ்சம் வளரும், கொஞ்சம் தோலுக்குள்ளே தூங்கும். இன்றைக்கு ஊசி வைத்தது வெளியில் நிற்பதற்கு மட்டும்தான். தூங்குவது பிறகு வெளியில் வரும், அதைப் பார்த்துவிட்டு "போன முடி திரும்ப வந்திட்டுது" என்று என்ரை தங்கச்சி பாதியில் விட்டுவிட்டாள்.

இனி முக்கியமான விசயம். ஊசி சரியாக வேலை செய்ததா என்று படுத்திருக்கிற உங்களுக்கே தெரியும். கரண்ட் வைத்த பிறகு சாமணத்தால் (பிளக்கரால்) முடியைத் தொட்டவுடன் அது வழுக்கிக்கொண்டு வர வேண்டும், இழுபடுகிற உணர்வே இருக்கக்கூடாது. வெளியே வந்த முடியை டிஷ்யூவில் வைத்துக் காட்டச் சொல்லுங்கோ: அடியில் கறுத்த குமிழ், அதைச் சுற்றி ஈரமாக மினுங்குகிற ஒரு உறை. சுருக்கென்று பிடுங்கிய மாதிரி இருந்தால் அது பிடுங்கல்தான், அதற்கு ஏன் காசு கொடுத்துப் படுக்க வேணும்?

தோல்: அன்று சிவந்து, கொஞ்சம் வீங்கி இருக்கும். அடுத்த நாள் வீக்கம் இல்லை. பிறகு சில இடத்தில் ஊசிமுனை அளவுக்குப் பொருக்கு, ஒரு கிழமைக்குள் தானாக உதிர்ந்தது. மேலுதட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. நாடியில் மண்ணிறப் புள்ளிகள் மாதக்கணக்கில் இருந்துதான் மங்கின. குழி விழவில்லை.

கரண்ட்கம்பி

மனைவிக்காகத் தேடப்போய் இதில் இறங்கினேன், பயோமெடிக்கல் கருவிகள் பழுது பார்ப்பது என் தொழில். ஊசி ஒன்றுதான், கரண்ட் மூன்று வகை. இது தெரியாமல் போய்ப் படுத்தால் அவர்கள் செய்வதுதான் எலக்ட்ராலிசிஸ் என்று நம்ப வேண்டியதுதான்.

பழையது கால்வானிக். நேர்மின்சாரம், அதாவது டிசி. ஊசி எதிர்முனை, உங்கள் கையில் பிடித்துக்கொள்ள ஒரு உலோகக் கம்பி கொடுப்பார்கள், அது நேர்முனை. மயிர்க்காலுக்குள் இருக்கும் உப்பும் நீரும் பிரிந்து அங்கேயே சோடியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. நம்ம ஊரில் சோப்புக் காய்ச்சப் பயன்படுத்தும் காஸ்டிக் சோடாவேதான், ஆனால் நுண்ணிய அளவில். அது வேரைக் கரைத்துவிடும். நிதானமான வேலை, ஒரு முடிக்கு ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம்.

இரண்டாவது தெர்மோலிசிஸ். 13.56 அல்லது 27.12 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஏசி. ஈரம் சூடாகி வேர் வெந்துபோகிறது. ஒரு வினாடி, அதற்கும் குறைவு. கையில் கம்பி எதுவும் தர மாட்டார்கள். வேகம்தான் இதன் பெருமை. ஊசி இறங்கிய ஆழமோ கோணமோ கொஞ்சம் தவறினால் வேர் தப்பிவிடும், மேல் தோல் வேகும்.

மூன்றாவது பிளெண்ட். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது. சூடான காரம், அதாவது அந்தக் காஸ்டிக் சோடா, சீக்கிரம் வேலை செய்யும் என்பதுதான் கணக்கு, முடிக்குச் சில வினாடிகள். வளைந்த வேருக்கு இதுதான் நல்லது என்பார்கள், ஏனென்றால் காரம் திரவம், ஊசி போகாத வளைவுக்கும் அது போகும். வருடக்கணக்கில் பிடுங்கிப் பிடுங்கி வேர் கோணிப்போன நம்ம ஊர்த் தாடைக்கு இதைத்தான் நான் சொல்வேன்.

இதெல்லாம் புதுசு இல்லை. 1875ல் அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரத்தில் சார்லஸ் மிஷெல் என்ற கண் டாக்டர், இமை முடி உள்பக்கம் வளைந்து கருவிழியை உரசும் நோயாளிகளுக்காக இதை எழுதி வைத்தார். பிளெண்ட் காப்புரிமை 1948ல், ஹிங்கெல், செயின்ட் பியர் என்ற இருவர் பெயரில். கண் இமை ஓரத்தில் செய்ய முடிகிற ஒரு வேலையைத் தாடையில் செய்து குழி விழுந்தால் அது கருவியின் குற்றமா, கையின் குற்றமா, நீங்களே சொல்லுங்கள்.

மல்லிகைமொட்டு

கையின் குற்றம் என்பதற்கு என் முகமே சாட்சி. ஊர் பெயரோ கடை பெயரோ வேண்டாம். பார்லர் மாடியில் ஒரு அறை, "டிப்ளமா முடித்தவர்" என்று ஒரு பெண். உட்கார்ந்த ஒரே மூச்சில் தாடையின் ஒரு பக்கத்தை மொத்தமாகக் காலி பண்ணினார், பக்கத்துப் பக்கத்து முடி ஒன்றைக்கூட விடவில்லை. எனக்கும் அப்போது சந்தோஷம்தான், கண்ணாடியில் பார்த்தால் வழவழ. ஊசி வைத்த இடத்தைச் சுற்றித் தோல் வெளுத்து வெளுத்து வந்தது. எண்ணெய் தெறித்த இடம்போல நீர் கோத்து, பெரிய பொருக்காகத் தட்டி, அது விழுந்த பிறகு சின்னச் சின்னக் குழிகள். வெயில் சாய்வாக விழுந்தால் தெரியும்.

முடியும் பாதி திரும்பி வந்தது. அதனால் கீழவீதி, நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்.

வன்னிப்பறவை

அய்யோ. என்னைச் செய்தவ பக்கத்துப் பக்கத்து முடியை ஒரே நாளில் தொடவே மாட்டா. இங்கொன்று அங்கொன்றாக எடுத்து, இடையில் இருப்பதை அடுத்த முறைக்கு விடுவா. நான் "எல்லாத்தையும் எடுங்கோவன்" என்று கெஞ்சினாலும் சிரித்துவிட்டு விடுவா. சூடு ஒரே இடத்தில் சேரக் கூடாது என்பது அவவின் கணக்கு. தோல் வெளுக்கிறது என்றால் கரண்ட் கூடிவிட்டது, இல்லாவிட்டால் ஊசி முழுதாக உள்ளே போக முன்னமே கரண்டைத் தட்டிவிட்டினம். அந்த இடத்திலேயே கையைத் தூக்கி நிறுத்தச் சொல்ல வேணும்.

வெள்ளுடை

தோல் நோய்ப் பிரிவில் நர்சாக இருக்கிறேன். டாக்டர் இல்லை, ஆனால் தினமும் பார்ப்பது இந்த முகங்களைத்தான், அதனால் எழுதுகிறேன்.

கீழவீதி சொன்ன காதுக்குக் கீழ் முடி, அது நிஜமாகவே நடக்கிற விஷயம். லேசர் பட்ட இடத்துக்குப் பக்கத்தில் பூனை முடி தடித்துக் கறுப்பது. பொதுவாக முகத்திலும் கழுத்திலும், மாநிறம், கருநிறம் உள்ள பெண்களுக்கு, ஹார்மோன் கோளாறும் இருந்தால் இன்னும் அதிகமாக. வேரைக் கொல்லப் போதாத சூடு அதைத் தட்டி எழுப்பிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். அந்த இடத்தில் மறுபடியும் பேக்கேஜ் போடும் முன்பு இதைத் தெரிந்த தோல் டாக்டரிடம் காட்டுங்கள். மருந்துக்கும் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க எஃப்டிஏ கணக்கில்கூட லேசருக்கு "நிரந்தரமாகக் குறைக்கும்" என்ற அளவுக்குத்தான் அனுமதி, "நிரந்தரமாக நீக்கும்" என்று சொல்லிக்கொள்ள எலக்ட்ராலிசிஸுக்கு மட்டும்தான். நம்ம ஊர் விளம்பரப் பலகைகளில் இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது.

ஆனால் முதலில் ரத்தப் பரிசோதனை. பிசிஓஎஸ் என்று காலேஜில் சொன்னார்கள் சரி, அதற்குப் பிறகு எப்போது பார்த்தீர்கள்? டெஸ்டோஸ்டிரோன், டிஹெச்இஏஎஸ், 17 ஓஹெச்பி என்ற ஹார்மோன்கள், தைராய்டு, ப்ரோலாக்டின், சர்க்கரை. ஆண் ஹார்மோன் தூக்கலாக இருக்கும்போது ஊசி ஒரு முடியைக் கொன்றால் பக்கத்தில் பூனை முடி ஒன்று தடித்து வரும், நீங்கள் ஊசியைத் திட்டுவீர்கள். மாத்திரை ஆரம்பித்தாலும் முகத்தில் வித்தியாசம் தெரிய ஆறு மாதமாவது ஆகும். ஆண் ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை கொடுத்தால் அந்தச் சமயம் கர்ப்பம் ஆகக்கூடாது, இதை எழுதிக் கொடுத்தவர் சொல்லியிருப்பார், சொல்லாவிட்டால் கேளுங்கள். குரல் தடிப்பது, சில மாதத்துக்குள் திடீரென்று முகம் மார்பெல்லாம் முடி வருவது, நெற்றிப் பக்கம் முடி கொட்டுவது, இப்படி இருந்தால் அழகு விஷயமாக நினைக்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் என்னால் போக முடியாது. கருப்பு போக என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் க்ரீம்கள். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் இதில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. இரண்டு வாரம் முகம் பளபளக்கும். அப்புறம் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, பரு வந்து, கடைசியில் முடியும் வளரும். ஆமாம், முடி! முகத்து முடியை எடுக்க வந்து, அது விட்ட கருப்புக்கு ஸ்டீராய்டு பூசி, அதனால் இன்னும் முடி வந்து நிற்கும் பெண்களை நான் பார்க்காத வாரம் இல்லை. 2018லேயே இந்த க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கியாயிற்று, விற்கத்தான் செய்கிறார்கள்.

பாட்டியாகப்போறேன்

என்னை மாதிரி ஆள்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு தாடையில் தடிமனாக, வெள்ளையாக, கம்பி மாதிரி முடி. லேசருக்குப் போனால் அந்தப் பெண் கருவியை எடுக்கக்கூட இல்லை, "வெள்ளை முடிக்கு இது பிடிக்காது ஆன்ட்டி, கறுப்புச் சாயத்தைத்தான் இது தேடிப் போகும்" என்று நேர்மையாகச் சொல்லி அனுப்பிவிட்டாள். அவளுக்கு நன்றி.

எலக்ட்ராலிசிஸுக்கு முடியின் நிறமும் தெரியாது, தோலின் நிறமும் தெரியாது. என் தோல் டாக்டரே தன் கிளினிக்கில் வைத்துச் செய்கிறார். எனக்கு இருந்தது கொஞ்சம் முடிதான், அதனால் சீக்கிரம் முடிந்தது. முதலில் கேட்டது என்ன தெரியுமா, "பேஸ்மேக்கர் வைத்திருக்கிறீர்களா?" வைத்திருந்தால் இது கிடையாதாம். சர்க்கரை எவ்வளவு, புண் ஆறத் தாமதம் ஆகுமா, காது குத்திய இடத்தில் கட்டியாகத் தழும்பு வளர்ந்திருக்கிறதா, வாயோரம் அக்கி மாதிரிக் கொப்புளம் அடிக்கடி வருமா என்று வரிசையாகக் கேட்டார். இந்தக் கேள்வி எதுவும் கேட்காமல் படுக்கச் சொல்லும் இடத்தில் செருப்பைக் கழற்றாமலே திரும்பி வந்துவிடலாம் என்பேன்.

வலி? மேலுதட்டில் கண்ணில் நீர் வந்தது. தாடையில் பொறுத்துக்கொள்ளலாம். என் மகள் பிறந்ததோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

நேர்மைநெஞ்சம்

எல்லாரும் இவ்வளவு கஷ்டப்பட வேண்டுமா? இங்கிலாந்தில் ஹர்நாம் கௌர் என்ற பெண் இதே பிசிஓஎஸ்ஸோடு தாடியை வளர்த்துக்கொண்டு தலை நிமிர்ந்து நடக்கவில்லையா? சமூகத்துக்காக எதற்கு ஊசி குத்திக்கொள்ள வேண்டும்?

கீழவீதி

அவரைப் பற்றி எனக்கும் தெரியும், மரியாதை உண்டு. நான் கேட்டது தோல் எப்படி ஆறும் என்று. தாடி வளர்ப்பதா வேண்டாமா என்று முடிவு எடுத்தாயிற்று, என் தாடை, என் முடிவு. வேறு இழை ஆரம்பித்தால் அங்கே வந்து சண்டை போடுகிறேன்.

நிலாமகள்

சண்டைக்கு என்னையும் கூப்பிடுங்கள் அக்கா.

நான் திருநங்கை. உங்களுக்கெல்லாம் தாடையில் கொஞ்சம், எனக்கு முழு முகம். ஹார்மோன் சாப்பிட்டால் தாடி உதிர்ந்துவிடும் என்று புதிதாக வரும் பிள்ளைகள் நம்பிக்கொண்டு இருக்கிறார்கள். உதிராது. ஒருமுறை பருவத்தில் தடித்து வந்துவிட்ட தாடி ஹார்மோனுக்கு அடங்காது, கொஞ்சம் மெதுவாக வளரும், அவ்வளவுதான். நான் செய்தது, கறுப்பு அடர்த்தியை முதலில் லேசரில் குறைத்து, மிஞ்சியதை ஊசியில் எடுப்பது. முழுத் தாடியையும் ஊசியிலேயே எடுப்பதென்றால் நூறு மணி நேரம் எல்லாம் தாண்டும், யாரிடம் அவ்வளவு பணம் இருக்கிறது? என் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர்தான் என்று டாக்டர் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். நம்ம நிறத்துக்கு எந்த லேசர் என்று கேட்காமல் உட்காரக் கூடாது, தோலே சாயத்தைப் பிடித்துக்கொண்டு வெந்துவிடும்.

யாரும் சொல்லாத கஷ்டம் ஒன்று இருக்கிறது. ஊசிக்குப் போகும்போது முடி வெளியே தெரிய வேண்டும், சாமணத்தில் பிடிபடும் அளவுக்கு. அப்படியானால் இரண்டு மூன்று நாள் ஷேவ் பண்ணாமல் வெளியே போக வேண்டும். எனக்கு அந்த நாள்கள்தான் ஊசியை விட வலி. கொரோனா வந்ததில் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை மாஸ்க், இப்போதும் பஸ்ஸில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆனால் அதில் ஒரு லாபமும் உண்டு: முன்னால் சுத்தமாக ஷேவ் பண்ணிவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் போனால், அதற்குள் தலைகாட்டியிருப்பதெல்லாம் வளர்ந்துகொண்டிருக்கும் முடி. ஊசிக்கு அதுதான் சரியான நேரம். நடுவில் ஷேவ் பண்ணலாம், கத்தரிக்கோலால் வெட்டலாம், பிடுங்க மட்டும் கூடாது. த்ரெட்டிங்கும் பிடுங்கல்தான். ஷேவ் பண்ணினால் முடி தடிக்கும் என்பது பொய், நுனி மழுங்கி இருப்பதால் கையில் குத்தும், அவ்வளவுதான்.

மரத்துப்போகும் க்ரீம், அந்த லிடோகெயின் பிரிலோகெயின் கலந்தது, ஒரு மணி நேரம் முன்னால் தடவிக்கொள்வேன். சின்ன இடத்துக்கு மட்டும். முகம் முழுக்க அப்பி மேலே பிளாஸ்டிக்கைச் சுற்றி மணிக்கணக்கில் வைத்துக்கொண்டு போன தோழி ஒருத்திக்குத் தலை சுற்றி, உதடு மரத்து, படபடப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். க்ரீம்தானே என்று நினைக்காதீர்கள், மருந்து.

அழகுப்பெட்டகம்

வீட்டிலேயே செய்யலாம் தோழிகளே!! ஊசி இல்லாமல் ட்வீசர் மூலம் கரண்ட், வலியே இல்லை, நிரந்தரத் தீர்வு, இன்பாக்ஸ் வாருங்கள்.

கரண்ட்கம்பி

முடி கெராட்டின். காய்ந்த முடி மின்சாரத்தைக் கடத்தாது. ட்வீசரில் முடியைப் பிடித்தால் கரண்ட் வேருக்குப் போகும் என்பது இயற்பியலை ஏமாற்றும் வேலை. வலி இல்லை என்பது மட்டும் உண்மை, ஏனென்றால் அங்கே எதுவுமே நடக்கவில்லை.

பேட்டரியில் ஓடும் ஊசிப் பேனாவும் விற்கிறார்கள், அதில் கரண்ட் நிஜமாகவே வரும். தன் தாடையில் தானே, கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிய, உருப்பெருக்கி இல்லாமல், மயிர்க்கால் போகும் கோணத்தில் ஊசியை நுழைப்பது எவ்வளவு கைப்பழக்கம் கேட்கும் என்று நினைத்துப் பாருங்கள். காலில் முயற்சி செய்கிறவர்கள் உண்டு. முகத்தில் நான் சொல்ல மாட்டேன்.

பாட்டியாகப்போறேன்

ஆறுவதற்கு நான் கஸ்தூரி மஞ்சள் பூசினேன். பூசக் கூடாது என்றார்கள், நம்ம பாட்டிமார் எல்லாம் பூசித்தானே முகத்தைக் காத்தார்கள்?

வெள்ளுடை

அம்மா, பூசுங்கள், ஆனால் புண் இல்லாத தோலில். ஊசி வைத்த இடம் ஒவ்வொன்றும் திறந்த வாசல். கடையில் பொடியாக வாங்கும் மஞ்சளில் என்ன கலப்படம் என்று யாருக்கும் தெரியாது, அரைத்த அம்மியும் கையும் எப்படி இருந்தது என்றும் தெரியாது. சிலருக்கு மஞ்சளே ஒத்துக்கொள்ளாமல் அரித்துத் தடித்துவிடும், அந்த அழற்சியே கருப்பு தட்ட வைக்கும். எலுமிச்சைச் சாறு அதை விட மோசம், பூசிக்கொண்டு வெயிலில் போனால் வெந்து கறுக்கும். எங்கள் ஓபிக்குக் கோடை காலத்தில் இது மட்டுமே தனி வரிசையில் வரும்.

கருப்பு தட்டுவது ஏன் என்று புரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போகும். நம்ம தோலில் நிறம் தரும் செல்கள் சுறுசுறுப்பானவை. கொசுக்கடி, பரு, த்ரெட்டிங் நூல், ஊசி, எங்கே அழற்சி வந்தாலும் அவை நிறத்தைக் கொட்டிவிடும். அது தழும்பு கிடையாது. மேல் தோலில் இருந்தால் பழுப்பாக இருக்கும், சில மாதத்தில் மங்கும். கீழ்த் தோலுக்கு இறங்கிவிட்டால் சாம்பல் கலந்த நீலமாகத் தெரியும், அது வருடம்கூட எடுக்கும். குழி விழுந்தால்தான் தழும்பு. விரலால் தடவிப் பாருங்கள்: சமமாக இருந்தால் நிறம், பள்ளமோ மேடோ தட்டுப்பட்டால் தழும்பு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

செய்த அன்று: சுத்தமான துணியில் ஐஸைச் சுற்றி ஒற்றி எடுப்பது, வாசனை இல்லாத சாதாரண ஜெல் அல்லது டாக்டர் கொடுத்த மருந்து, கை வைக்காமல் இருப்பது. ஒன்றிரண்டு நாள் மேக்கப் வேண்டாம், வியர்த்துக் கொட்டும் உடற்பயிற்சி வேண்டாம், நீச்சல் குளம் வேண்டாம். பொருக்கைச் சுரண்டாதீர்கள். நான் பார்க்கும் பாதிக் குழிகள் ஊசி போட்டவை அல்ல, நகம் போட்டவை. இரவில் தூக்கத்தில் சுரண்டுபவர்கள் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள்.

பொருக்கு விழுந்த பிறகு தினமும் சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், மேகமூட்டமாக இருந்தாலும். நம்ம நிறத்துக்கு, இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாகச் சாயம் உள்ள சன்ஸ்கிரீன் இன்னும் நல்லது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கருப்பைக் கூட்டும், வெள்ளை க்ரீம்கள் அதைத் தடுப்பதில்லை. கருப்புக்கு அசிலாயிக் அமிலம், நியாசினமைடு போன்றவை மெதுவாக வேலை செய்யும், பாதகம் குறைவு. ஹைட்ரோகுவினோன் கலந்த மூன்று மருந்து க்ரீம் டாக்டர் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டியது, அக்காவிடம் மிச்சம் இருந்தது என்று எடுத்துப் பூசுவது அல்ல. அதிலும் ஸ்டீராய்டு இருக்கிறது. பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஊசிப் பக்கமே போகாதீர்கள்.

மல்லிகைமொட்டு

இதையெல்லாம் எனக்கு அன்றைக்கு ஒருத்தர் சொல்லியிருந்தால்! குழிக்கு இப்போது தோல் டாக்டரிடம் மைக்ரோநீட்லிங், நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்தும் வைத்தியம், போய்க்கொண்டு இருக்கிறது, கொஞ்சம் நிரவி வருகிறது. முடிக்கு மறுபடியும் ஊசிக்குப் போகும் தைரியம் வரவில்லை, ஷேவிங்தான். தினமும் காலையில் இரண்டு நிமிடம். உண்மையைச் சொன்னால் தோல் இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறது, த்ரெட்டிங் நின்றதிலேயே பாதிக் கருப்பு போய்விட்டது.

நிலாமகள்

ஷேவிங்கைக் கேவலமாகப் பார்ப்பதை முதலில் நிறுத்த வேண்டும். தோல் ஆறக் காத்திருக்கும் மாதங்களில் அதைவிடப் பத்திரமான வழி வேறு இல்லை. புது பிளேடு, நுரை, முடி போகும் திசையிலேயே.

கீழவீதி

எல்லோருக்கும் நன்றி. ரத்தப் பரிசோதனைக்கு எழுதி வாங்கிவிட்டேன், சீக்கிரம் கொடுக்கிறேன். தோல் டாக்டர் ஒருவர் பிளெண்ட் செய்கிறார் என்று தெரிந்து போய்ப் பேசினேன். உடனே ஆரம்பிக்க மாட்டேன் என்றார், அது எனக்குப் பிடித்தது. முதலில் தாடைக்கு அடியில், நேராகப் பார்த்தால் தெரியாத இடத்தில், ஒரு ஐந்தாறு முடி மட்டும் எடுத்துவிட்டு, தோல் எப்படி ஆறுகிறது, கருப்பு தட்டுகிறதா என்று சில வாரம் பார்த்த பிறகு மற்றதாம். காதுக்குக் கீழே லேசரால் வந்த முடியையும் ஊசியில் எடுக்கலாம் என்றார். ஊசி ஒவ்வொரு முறையும் புது பாக்கெட் என் கண் முன்னால் பிரிப்பார்களாம், மேல் பாதியில் கவசம் பூசிய ஊசியும் இருக்கிறதாம், கரண்ட் நுனியில் மட்டும்தான் இறங்குமாம். அது தேவையா, கூடுதல் காசு கேட்கிறார்கள்?

கரண்ட்கம்பி

உங்கள் பயம் தோலைப் பற்றியது என்பதால், தேவை. கவசம் இருந்தால் மேல் தோலுக்கு அருகே கரண்ட் கசிவது குறையும். ஊசித் தடிமனையும் கேளுங்கள், அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று 2லிருந்து 6 வரை எண் போட்டிருக்கும். முடியின் தடிமனுக்கு ஒத்த ஊசி என்பது பொது விதி. தாடையின் தடித்த முடிக்கு மெல்லிய ஊசியைப் போட்டால் அதே வேலைக்கு நுனியில் சூடு அதிகமாகக் குவியும்.

வன்னிப்பறவை

இன்னொரு சின்ன விசயம். கவரிங் தோடு போட்டால் காது கடித்து, நீர் வடியுமோ உங்களுக்கு? அப்படியென்றால் நிக்கல் ஒத்துக்கொள்ளாத தோல். சாதாரண ஊசி உருக்குதான், அதிலும் நிக்கல் இருக்கும். தங்க முலாம் பூசின ஊசி கேளுங்கோ, எனக்கு அதுதான் போட்டவ.

கீழவீதி

கடிக்கும். கல்யாண வீட்டுக்குக் கவரிங் ஜிமிக்கி போட்டுக்கொண்டு போனால் அடுத்த நாள் காது வீங்கிவிடும், தங்கத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. இதை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. நாளைக்கே போன் பண்ணி, கவசமும் தங்க முலாமும் சேர்ந்த ஊசி கிடைக்குமா என்று கேட்கிறேன்.